கடலோரக் கலை மையம்: முகப்புக்கு முன் உப்பைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர ஊரில் சமூகக் கலை மையம் கட்டப்போகிறோம் என்றதும் முதலில் வெளியாவது முகப்புப் படம்தான். கண்ணாடிச் சுவர், அலைபோல் வளைந்த கூரை, பின்னால் கடல். உள்ளே நாடகமா, இசையா, நடனமா என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது.

சிட்னி ஓபரா ஹவுஸ் பட்ட பாடு தெரிந்ததே. கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே 1959இல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எடை தாங்காது என்று பின்னர் தெரிந்து, எழுப்பிய தூண்களை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். ஓபரா எனும் இசை நாடகத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் பொதுவாக வைத்திருந்த பெரிய அரங்கு நடுவில் கச்சேரிக்கு மட்டும் என்றானது. பொருத்திய மேடை இயந்திரங்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. 1973இல் திறந்த அந்த அரங்கின் ஒலிக் குறையைத் தீர்க்கும் பெரிய சீரமைப்பு 2022இல்தான் முடிந்தது.

பேச்சுக்கும் நாடகத்துக்கும் எழுந்த ஒலி ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். வாத்தியக் குழுவுக்கு இரண்டு விநாடி வரை நிற்கலாம். அதற்கேற்ப உள்கொள்ளளவும் மாறும்: நாடகத்துக்கு இருக்கைக்கு 4 கனமீட்டர் போதும், இசைக்கு 8 வேண்டும். 300 இருக்கைக்கு 1,200, 2,400 கனமீட்டர் என்று இரட்டிப்பு வித்தியாசம். இரண்டும் வேண்டுமென்றால் உயரமாகக் கட்டி, சுவரோரம் இழுத்து மூடக்கூடிய கனமான திரைகளை வைப்பதே நடைமுறை வழி. வெறும் தகரக் கூரை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு மழை போதும், வசனம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

இனி உப்பு. காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. அதனால் உள்ளிருந்தே தள்ளி, முதலில் கம்பியின் நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, கடைசியில் பாளம் பாளமாக உதிர்வு. அந்த நிலையில் மேலே பூசி மெழுகுவது காசுக்குக் கேடு. வெளிப்புறத் தூண், உத்திரங்களில் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் மூடாக்கு வேண்டும். அந்த இடைவெளி குறையாமல் கம்பியைத் தாங்கும் கட்டைகளும் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்தவையாக இருக்க வேண்டும். ஜல்லித் துண்டைச் செருகினால் அந்த இடத்திலேயே ஈரம் ஏறும். கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட வேலைக்கு ஆகாது. கழுவாத கடல் மணலும் அப்படித்தான். கைப்பிடி, கீல், திருகுக்கு 304 ரக எவர்சில்வர் சீக்கிரமே பழுப்பேறும், 316 கேளுங்கள்.

குளிர்சாதனத்தில் பலரும் சறுக்குகிறார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து நிகழ்ச்சி நாளில் மட்டும் ஓட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் ஈரக்காற்று உள்ளே தேங்கி, திரையில் பூஞ்சை படரும், தோல் வாத்தியங்கள் தொய்யும், ஒலிக்கருவி இணைப்புகளில் பச்சைக் களிம்பு கட்டும். வாத்திய அறைக்கும் ஒலிக்கருவி அறைக்கும் மட்டுமாவது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தனியாக எந்நாளும் ஓடி, ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்தில் வைக்க வேண்டும். வெளிப்புற யூனிட்டைக் கடற்காற்று நேராக அடிக்காத பக்கம் வைத்து, நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். ஜெனரேட்டரும் மின்பலகையும் தரைக்கீழ்த் தளத்தில் கூடாது. புயலலை ஏறும் மட்டத்துக்கு மேலேதான் அவற்றுக்கு இடம்.

மேடைத் தரையைக் கான்கிரீட் மேல் நேரே ஒட்டிய பலகையாக விட்டால் ஆடுபவர்களின் முழங்கால் பதம் பார்க்கப்படும். குறுக்குச் சட்டம் அடித்து, இடையில் காற்று விட்டு, அதன்மேல் பலகை போட வேண்டும். மேடையின் இரு பக்கமும், பார்வையாளரை நோக்கிய திறப்பின் அகலத்தில் பாதியாவது காலி இடம் வேண்டும். வரைபடத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்!

கட்டட மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்குவது பொதுவான கணக்கு. உப்புக்காற்றில் மேல் எல்லையையே கொள்ள வேண்டும். அந்தப் பணம் வாடகையிலிருந்தா, உள்ளாட்சியிடமிருந்தா, நன்கொடையிலிருந்தா என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருமுன் எழுத்தில் வெளியிடச் சொல்லி ஊரார் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அரங்கக் கட்டுமானப் பணியில் உள்ளோர்