குழம்புக் குப்பியோடு வரும் கடிதம்

களியக்காவிளை,
ஞாயிறு ராத்திரி

மக்களே,

நேற்று நீ போனில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் அப்பா இருந்தார், அதுதான். சில காரியங்களைப் பேசத் தொடங்கினால் எனக்குப் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும். எழுதினால் நின்று நின்று எழுதலாம்.

மருமகளுக்கு இடுப்பு வலி, ராத்திரி தூக்கம் இல்லை, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றாய். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாலிஷ் அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறாள். அந்த அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை மேலே இருக்கிறது, நாலு நாள் தடவினால் கீழே கொண்டுவந்துவிடுவேன் என்கிறாள். இல்லையென்றால் கடைத்தெரு மாலில் ஒரு ஸ்பா, ஆறு தடவைக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். இரண்டில் எது என்று கேட்டாய்.

மாலிஷ் அம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடு. வயிற்றில் மட்டும் கை வைக்க விடாதே.

இதை நான் ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது. 1991-ல் நீ எனக்கு எட்டாம் மாசம். ஆஸ்பத்திரியில் நர்சம்மா பார்த்துவிட்டு, பிள்ளையின் பிட்டம் கீழே இருக்கிறது, அடுத்த மாசம் வா, பார்ப்போம் என்றாள். வீட்டுக்கு வந்து அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாட்டி அன்று சாயங்காலமே பேறு பார்க்கிற வயற்றாட்டியைக் கூட்டிவந்துவிட்டாள். நம்மூரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். யாருக்கும் அவள்மேல் சந்தேகம் வராது. என்னைப் பாயில் மல்லாக்கக் கிடத்தி, ஆமணக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, ஒரு கையை விலாவுக்குக் கீழேயும் ஒரு கையை அடிவயிற்றிலும் வைத்து, நீர் நிறைந்த குடத்தைத் திருப்புகிறதுபோல் திருப்பினாள். வலித்தது. "பொறு மோளே, வருது, வருது" என்றாள். மறுநாளும் வந்தாள். அன்று ராத்திரி விழித்துப் பார்த்தால் பாய் நனைந்திருந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் அது தண்ணீர் இல்லை என்று தெரிந்தது.

எஸ்டேட்காரர் ஜீப்பில் என்னைப் படுக்க வைத்து அப்பா திருவனந்தபுரம் கொண்டுபோனார். 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். பாறசாலை, அமரவிளைப் பாலம், நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு ஊராக எண்ணிக்கொண்டே போனேன். நெய்யாற்றின்கரைக்கு அப்புறம் நீ அசையவே இல்லை. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைக்கு ரத்தம் கொடுக்கிற நஞ்சு ஓரத்தில் பிரிந்துவிட்டது என்று சொல்லி உடனே ஆபரேஷன் செய்தார்கள். நீ 2 கிலோ 100 கிராம். 12 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாய். வயிற்றுத் தையலைப் பார்த்து "இது என்னம்மா" என்று சின்ன வயசில் கேட்பாயே, நீ வந்த வாசல் என்பேன். வாசல் ஏன் அங்கே வந்தது என்று சொன்னதில்லை. பாட்டி இருக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது.

அந்த வயற்றாட்டியை நான் திட்டியதும் இல்லை, கேட்டியா. தையல் ஆறின பிறகு எனக்கு இலை போட்டு வெந்நீர் காய்ச்சி வேது குளிப்பாட்டியதும், உன்னை நீட்டிய காலில் போட்டு உருக்கெண்ணெய் தடவியதும் அதே கைதான். பெற்ற உடம்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். பெறாத வயிற்றுக்குள் நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது, கொடி கழுத்தில் கிடக்கிறதா என்று வெளியே இருந்து எந்தக் கைக்கும் தெரியாது.

உன் சித்தி மகள் திருவனந்தபுரத்தில் பேறுகால வார்டில்தானே நர்சாக இருக்கிறாள், இன்று காலையில் அவளைக் கூப்பிட்டு எல்லாம் கேட்டேன். மருமகளுக்கு இப்போது 29 வாரம்தானே, 28 வாரத்தில் நாலைந்து பிள்ளைகளில் ஒன்று தலை மேலாகத்தான் இருக்குமாம். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். மாசம் நிறையும்போது 100-க்கு 3 அல்லது 4 பிள்ளைகள்தான் அப்படியே நிற்குமாம். அதாவது, அந்த மாலிஷ் அம்மா நாலு நாள் தடவி பிள்ளை திரும்பினால் அது பெரும்பாலும் பிள்ளையே திரும்பியதுதான், பெயர் மட்டும் அவளுக்கு. அப்படியும் திரும்பாமல் நின்றால் 36, 37 வாரத்தில் டாக்டர்களே வெளியிலிருந்து திருப்பிப் பார்ப்பார்களாம். ஆனால் முதலில் ஸ்கேன், கூடவே பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை மிஷினில் பார்த்துக்கொண்டு, அவசரம் என்றால் அங்கேயே அறுக்க ஏற்பாடு வைத்துக்கொண்டு. அவ்வளவு இருந்தும் பாதிக்குப் பாதிதான் திரும்புமாம்.

சரி, அப்போது தடவலே வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். ஆனால் அது நீ செய்ய வேண்டியது.

அப்பா அப்போது ரப்பர் வெட்டப் போவார். வெளுப்பிற்கு மூன்று மணிக்கே எழுந்து போய், மதியம் ஷீட் அடித்து, ஆசிட் வாடையோடு வருவார். சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. நீ வயிற்றில் இருக்கும்போது எனக்குக் கால் இரண்டும் கனக்கும். பாட்டி தூங்கினாளா என்று சுவர்ப் பக்கம் காது வைத்துக் கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஆண்பிள்ளை பெண்டாட்டி காலைப் பிடிக்கிறான் என்றால் அன்றைக்கு அது பெரிய பேச்சு. கை முழுக்கக் காய்ப்பு. உள்ளங்காலில் உப்புத்தாள் தேய்க்கிறதுபோல் இருக்கும். ஆனால் அந்தக் கால் மணிக்கூறுக்குப் பிறகு நான் தூங்கிவிடுவேன். இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் இப்போதும் எழுந்து வெளியே போய்விடுவார்.

இதில் எனக்குப் பிரமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற அம்மாள் 1992-ல் தொடுகையை ஆராயவென்றே ஒரு நிலையம் தொடங்கி, கர்ப்பிணிகளுக்குத் தடவிப் பார்த்திருக்கிறாள். தடவிக்கொண்டவர்களுக்குப் பதற்றமும் முதுகுவலியும் குறைந்தன, தூக்கம் கூடியது என்று 1999-ல் எழுதினாள். சித்தி மகள் சொல்லித்தான் தெரியும். கொஞ்சம் பேரை வைத்துப் பார்த்தது, அதைப் பெரிய அத்தாட்சியாக எடுக்க வேண்டாம் என்றும் அவளே சொன்னாள். எனக்கு அத்தாட்சி வேண்டாம். ஆனால் தடவினால் சுகப்பிரசவம் ஆகும், பிள்ளை சிவப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

முதலில் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேள். நஞ்சு கீழே இறங்கியிருந்தாலோ, ரத்தம் பட்டிருந்தாலோ, மாசம் ஆகுமுன்னே வலி வந்திருந்தாலோ, முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ அவர் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் தொடங்கு.

மல்லாக்கப் படுக்க வைக்காதே. 20 வாரத்துக்கு மேல் மல்லாந்தால் பிள்ளையின் கனம் முழுக்க முதுகோரம் ஓடுகிற பெரிய ரத்தக் குழாயில் இறங்கும். நெஞ்சுக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் குறைந்து தலை சுற்றும், பிள்ளைக்கும் குறையும். இடது பக்கம் சரித்துப் படுக்க வை. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த போர்வை ஒன்று. உறங்கும்போதும் அப்படித்தான். நீ அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள். நான் அனுப்புகிற குழம்பை, அதுதான் உடம்பில் தேய்க்கிற மருந்தெண்ணெய், பாட்டிலோடு வெந்நீரில் வைத்து, உன் முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார், சுடக் கூடாது. உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு இடுப்பிலிருந்து தோள்வரை முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மெல்ல ஏற்றி இறக்கு. எலும்பின்மேல் அழுத்தாதே. இடுப்புக்குக் கீழே, பிட்டம் தொடங்குகிற இடத்தில், அவளே "இங்கே" என்று சொல்வாள். அங்கே மட்டும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கொஞ்சம் அழுத்தி வட்டமாகத் தேய். நீ கம்ப்யூட்டர் தட்டுகிற கை, பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். சலித்தால் நிறுத்து. வேகத்தைக் கூட்டி முடித்துவிடாதே. வயிற்றில் அவளே எண்ணெயைப் பூசிக்கொள்ளட்டும், பூனையைத் தடவுகிற அளவுக்கு.

கால் பிடிக்கும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். மாசமாக இருக்கும்போது ரத்தம் சீக்கிரம் கட்டுகிற தன்மை கூடிவிடும். காலின் உள் நரம்பில் கட்டி நிற்கிற ரத்தத்தை அழுத்திப் பிசைந்தால் அது நழுவி நுரையீரலுக்குப் போய்விடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, கெண்டையில் வலி இருந்தால் தொடவே தொடாதே, நேராக ஆஸ்பத்திரி. இடது காலில்தான் கூடுதலாக வருமாம். மற்றபடி இரண்டு காலும் சாயங்காலம் ஒருபோல வீங்கினால் பாதத்திலிருந்து மேலே பார்த்து லேசாகத் தடவு. ராத்திரி கெண்டை இழுத்தால் பிசையாதே, காலை நீட்டிப் பெருவிரலை அவள் முகத்தைப் பார்க்க மடக்கிப் பிடி, விட்டுவிடும். முகமும் கையும் திடீரென்று உப்பி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி என்றால் அது களைப்பு இல்லை, பிரஷர். 140-க்கு 90 என்பதெல்லாம் மாசக்காரிக்கு அதிகம். அந்த நேரத்தில் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

நம் பக்கத்து வர்ம ஆசானிடமும் கேட்டேன். ஒடிவு முறிவுக்கு ஊரே அவரிடம் போகிறதே. "வயிற்றுப்பிள்ளைக்காரியை நான் தொடமாட்டேன், அது ரெண்டு உயிர்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். தொடாமல் இருக்கத் தெரிந்தவர்தான் ஆசான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நான் அனுப்புவது தன்வந்தரம் குழம்பு. குறுந்தோட்டி வேர்க் கஷாயமும் பாலும் சேர்த்துக் காய்ச்சுவது. ஏழாம் மாசம் தொடங்கி இங்கே தேய்த்துக் குளிக்கிற வழக்கம்தான். முதல் நாள் கையில் கொஞ்சம் பூசிப் பார், தடிப்பு வரவில்லை என்றால் மறுநாள் தொடங்கலாம். அந்த வாடை அவளுக்குக் குமட்டினால் விட்டுவிடு, சாதா தேங்காய் எண்ணெய் போதும். வேலை செய்வது பாதி கைதான். வலிக்குப் பூசுகிற களிம்பு மட்டும் வேண்டாம். வின்டர்கிரீன் வாடை அடிக்கிற களிம்பில் ஆஸ்பிரின் சாதி மருந்து இருக்கிறது, தோல் வழியே உள்ளே இறங்கும். ஆவியில் உட்காருவதும், கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் வேண்டாம். வேதெல்லாம் பெற்ற பிறகு.

ஸ்பா பற்றிக் கேட்டாய். கர்ப்பிணிகளுக்கென்று படித்தவளா, சரித்துப் படுக்க வைக்கிறாளா, டாக்டர் சம்மதம் கேட்கிறாளா என்று பார். ஒன்றுமே கேட்காமல் பணத்தை வாங்கினால் திரும்பி வந்துவிடு. முதல் மூன்று மாசத்தில் பல இடங்களில் தொடவே மாட்டார்களாம். அப்போது எதனாலோ கலைந்தாலும் பழி தடவினவள்மேல் வரும் என்று. நீங்கள் அதைத் தாண்டியாகிவிட்டது.

இன்னொன்று, அம்மா இதையெல்லாமா எழுதுவாள் என்று நினைக்காதே. நான்கு பிள்ளைப்பேறு பார்த்தவள். 34 வாரம் ஆனதும், பிள்ளை வெளியே வருகிற வாய்ப்புறத்தைச் சுத்தமான விரலால் எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிட்டால், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை செய்தாலே முதல் பிரசவக்காரிகளுக்குத் தையல் போடுகிற கிழிசல் கொஞ்சம் குறையுமாம். எங்கள் காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. மருமகளே டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடு, நீ வாசித்துக் காட்ட வேண்டாம்.

வலி வந்த பிறகும் உனக்கு வேலை இருக்கிறது. கூட நிற்க விடுகிற ஆஸ்பத்திரியா என்று இப்போதே விசாரித்து வை. வலி பிடிக்கும்போது அந்த இடுப்பு இடத்தில் அழுத்திக் கொடுத்தால் தாங்கலாம். உலகச் சுகாதார நிறுவனமே 2018-ல் அதைச் சொல்லியிருக்கிறதாம். "தொடாதே" என்று அவள் கையைத் தட்டிவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. நானும் அப்பா கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

குப்பி இந்தத் தடவை கசியாது. மூடிக்கு மேல் மெழுகு உருக்கி ஊற்றி, சாக்கில் சுற்றியிருக்கிறேன். கூடவே நேந்திரங்காய் உப்பேரி அரைக் கிலோ, அது உனக்கில்லை. குழம்புக் கறை விரிப்பில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாது, அதனால் அப்பாவின் பழைய வேட்டி இரண்டைத் துவைத்து அடியில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். பொதி உடையாமல் இருக்க என்றேன். சும்மா சிரித்துக்கொண்டே இன்னொன்றும் எடுத்துத் தந்தார்.

அம்மா