தடுப்பு ஆய்வுக்குச் செலவுக் கணக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. எதுவும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனை பெற்றவர்களில் 39.3, மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5, இரண்டும் சேர்ந்தவர்களில் 39.5 சதவீதம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு வந்த செலவுக் கணக்குதான். ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஆலோசனையில் 1,052 டாலர், மாத்திரையில் 1,095, இரண்டும் சேர்த்தால் 1,359. கூடுதல் பணம் போட்டும் கூடுதல் பலன் இல்லை! அரசு மருத்துவமனைக்குத் திட்டம் போடுபவருக்கு இதைவிட உதவும் தகவல் என்ன இருக்கிறது?

ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளில், எந்தச் சிகிச்சையைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி பாதியிலேயே வரும். அதற்குப் பதில் சொல்லச் செலவுக் கணக்கும் வேண்டும்; அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கிடைக்காது. ஊழியர் நேரம், பரிசோதனைக் கட்டணம், வருபவரின் பஸ் செலவு, அன்று அவர் இழக்கும் கூலி எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே எழுதிவைக்க வேண்டும். மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும்போதே அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- வாசகர், திருச்சி