கிணறும் செப்டிக் டேங்கும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உபயதாரர்களுக்கும் கோயில் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்கு முன் எடுத்த வேலைகள் அம்மன் அருளால் முடிந்துவிட்டன. பிரகாரத் தளவரிசை, கோபுர வர்ணம் எல்லாம் நீங்களே பார்த்தீர்கள். வசூலில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் போட்டது ஏன் என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

பழைய செப்டிக் டேங்க் கிணற்றை ஒட்டியே இருந்தது. தோண்டியபோது அடியில் தளமே இல்லை. ஒரு பக்கச் செங்கல் பெயர்ந்து, கறுப்பு ஈரம் கிணற்றுப் பக்கமாகவே இறங்கியிருந்தது. மணல் பூமியாக இருந்தால் மண் கொஞ்சமாவது வடிகட்டும். சேலம் பாறை பூமி. வெடிப்பில் இறங்கிய கழிவு நேரே ஊற்றுக்குப் போய்விடும்.

“தண்ணீர் டெஸ்ட் நன்றாகத்தானே வந்தது” என்றார் ஒரு பெரியவர். அந்தச் சோதனை பார்ப்பது பாக்டீரியாவை. வைரஸ் அதைவிடப் பொடிசு, ஆயுசும் கெட்டி. 1955-56இல் டெல்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. குளோரின் போட்ட தண்ணீர்தான். பாக்டீரியாவால் வரும் டைபாய்டு கூடவில்லை, காமாலை பரவியது. அது ஹெபடைடிஸ் இ என்ற வைரஸ் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, கொரோனாவும் சாக்கடையில் இருந்ததே என்றால், அதன் மேல் இருப்பது கொழுப்பு உறை. கழிவுநீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். தண்ணீரில் பரவும் காமாலை, போலியோ, ரோட்டா வைரஸ்களுக்கு அந்த உறை கிடையாது. தண்ணீரில் பெருகாதே தவிர, குளிர்ந்த நிலத்தடி நீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

பொங்கல் கொதிக்கிறது, பயமில்லை. ஆடிக் கூழ்? காய்ச்சிய கூழை மோரும் பச்சைத் தண்ணீரும் விட்டுத்தான் கரைக்கிறோம். பானகம் அடுப்புப் பக்கமே போவதில்லை. குடிப்பதில் பாதிப் பேர் குழந்தைகள்.

புது டேங்க் கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, அடியும் சுவரும் கான்கிரீட்டில் கட்டியாயிற்று. பழைய குழியைக் காலி செய்து மூடிவிட்டோம். கிணற்றைத் தூர் வாரி, மழைத் தண்ணீர் வழிந்து இறங்காதபடி சுற்றிலும் மேடை எழுப்பியிருக்கிறோம்.

இனி 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் விட்டு, மிச்சமுள்ள குளோரினை அளக்கும் குளோராஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால்தான் குழாயைத் திறக்கலாம். குறைந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். பிரித்து வைத்த மூட்டைக்கு வீரியம் இருக்காது, சிறு பாக்கெட்டாகவே வாங்குகிறோம். அபிஷேக நீரில் வாடை வருகிறது என்று பூசாரி அண்ணன் குறைப்படுகிறார். முதல் நாளே அண்டாவில் பிடித்துத் திறந்து வைத்தால் போய்விடும்.

அன்னதானக் கூடத்தில் கை கழுவும் குழாய் மட்டும் பாக்கி. அதற்கு உபயம் செய்ய விரும்புகிறவர்கள் பொருளாளரைப் பாருங்கள். வரவு செலவு நோட்டும் அவரிடமே இருக்கிறது.

திருப்பணிக் குழு