நக்கிள்ஸ் ஏற வரும் மகளுக்கு

அன்பு மகள்,

டிசம்பர் லீவுக்கு மருமகனோடும் கூட வேலை செய்கிற பிள்ளைகளோடும் நம் நக்கிள்ஸ் மலைத்தொடர் ஏற வருவதாகச் சொன்னாய், கேட்டதில் இருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் டிசம்பர் வேண்டாம். வடகிழக்கு மழை பிடித்தால் மலை மேலே ரிவர்ஸ்டனில் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாது. பெப்ரவரியில் வா.

வருகிறவர்கள் ரத்தோட்டை வழியாக வேனில் ஏறி, ரிவர்ஸ்டன் அலைபரப்பு டவரடியில் காற்றுக்குள் நின்று படம் எடுத்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியில் கொஞ்சம் நடந்து, பொழுது சாய முன்னம் மாத்தளைக்கு இறங்கிவிடுகிறார்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. தூரத்தில் இருந்து பார்த்த வெள்ளைக்காரனுக்கு மடக்கிய கையின் முட்டி மாதிரித் தெரிந்துதான் நக்கிள்ஸ் என்ற பெயரே வந்தது. ஆனால் காட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் மகள்.

அம்மாவும் நானும் அந்தக் காட்டுக்குள் ஏலம் பறித்தது உனக்குத் தெரியும். ஏலக்காய் உச்சியில் காய்க்காது, அடித்தூரில் இருந்து தரையோடு ஓடுகிற கொத்தில்தான் காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்தபடி நிற்க வேண்டும். அப்படி ஒருநாள் பாசி பிடித்த மரத்தில் ஒரு ஓணானைக் கண்டேன், மூக்கு நுனியில் சின்ன இலை ஒட்டிய மாதிரி. தட்டிவிடக் கை நீட்டினேன், அது கண்ணை உருட்டியது. இலை இல்லை, மூக்கேதான்! உலகத்திலேயே அந்த ஓணான் இந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன்.

ஏலத்துக்காக அடிக்காட்டை வெட்டிக்கொண்டே இருந்தோம், மரக்கன்று ஒன்றும் எழும்பவில்லை, காய் உலர்த்தவும் காட்டு விறகுதான். 2000இல் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்தபோது, பிழைப்பில் மண் போட்டார்களே என்று எரிந்தேன். 2010இல் உலக மரபுரிமையும் ஆனது. போன மாசிக்கு ஏறிப் பார்த்தேன், நாங்கள் கொழுந்துக்கூடையில் காய் சுமந்த பாதையை மரம் மூடிவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கோபம் ஒன்றும் வரவில்லை.

அதனால் ஒருநாளை எனக்கு விட்டுவிடு. சரியா? மேலே போகப் போகக் காற்றுக்குப் பயந்து மரமெல்லாம் ஆள் உயரத்துக்குக் குறுகி நிற்கும் இடம் வரை மெதுவாக நடப்போம். அம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டித் தருவாள், போத்தல், பை எதையும் அங்கே விடக்கூடாது என்று கூட வருகிற பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வை. அட்டைக் கடிக்குச் சவுக்காரம் நான் எடுக்கிறேன், நீ நீளக் காலுறை கொண்டு வா.

அப்பா