டி.எஸ்.எச். 5.8 என்றால் ஆயுளுக்கும் மாத்திரையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முழு உடல் பரிசோதனைச் சலுகைகள் பெருகியதிலிருந்து, தைராய்டு ரிப்போர்ட்டோடு கலங்கி வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். (சுரப்பு குறைந்தால் இது ஏறும்) 5.8 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அன்றைக்கே தைராய்டு மாத்திரை தொடங்கியும் இருப்பார்கள்.

அசதியோ முடி உதிர்வோ மட்டும் இருந்தால் தைராய்டைச் சந்தேகிக்கும் முன் ஹீமோகுளோபினைப் பாருங்கள். நம் பெண்களின் அசதிக்கு ரத்தசோகையே அடிக்கடி காரணம். அதோடு குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மாதவிலக்கில் அதிகப் போக்கு எனப் பலவும் சில மாதங்களுக்குள் புதிதாகச் சேர்ந்திருந்தால் பரிசோதிக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, படபடப்பு, கை நடுக்கம் ஆகியவை சுரப்பி அதிகமாக வேலை செய்வதன் அறிகுறிகள். முதியவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லாமல் நாடி மட்டும் தாறுமாறாகத் துடிக்கலாம்.

கர்ப்பிணிகள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்குத் தைராய்டு உள்ளவர்கள், லித்தியம் (மனநல மருந்து) அல்லது அமியோடரோன் (இதயத் துடிப்புக்கான மருந்து) சாப்பிடுகிறவர்கள் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரைக் கேட்டுப் பரிசோதிப்பது நல்லது. எச்சில் விழுங்கும்போது மேலேறி இறங்கும் கட்டி கழுத்தில் தெரிந்தால், ரத்த அளவு சரியாக இருந்தாலும் ஸ்கேன் தேவை.

தொடக்கத்துக்கு டி.எஸ்.எச். ஒன்றே போதும். அது மாறியிருந்தால் ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன். சுரப்பு குறைவைக் கண்டுபிடிக்க இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி3 உதவாது. பேக்கேஜில் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் மொத்த டி3, டி4 உயர்ந்தே காட்டும். வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் டி.எஸ்.எச். பிற்பகலைவிட அதிகாலையில் கூடுதலாக இருக்கும் என்பதால், மறுபரிசோதனையை அதே லேபில், ஏறக்குறைய அதே நேரத்தில் செய்யுங்கள்.

பலரும் சொல்ல மறப்பது முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையை. 5 அல்லது 10 மில்லிகிராம் அளவில் அது சில லேப் கருவிகளை ஏமாற்றிவிடும்: டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் வரும், இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களின் எண்ணும் தற்காலிகமாகப் பிசகும். ஆறு வாரம் பொறுக்கலாம்.

டி.எஸ்.எச். 4.5 முதல் 10 வரை இருந்து ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கணிசமானோருக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சிறு உயர்வு இயல்பாகவே இருக்கலாம். மறுபரிசோதனையிலும் 10-க்கு மேல் என்றால் பொதுவாக மாத்திரை தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது; உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அதற்குமுன் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி மறுபடி அளவை மாற்றக் கூடாது.

பேக்கேஜ் விற்கும் லேப்கள், ரத்தம் எடுக்கும் முன் பயோட்டின், கர்ப்பம், அண்மைக் காய்ச்சல் ஆகிய மூன்றையும் கேட்டுப் படிவத்தில் குறிக்கலாமே.

— பொது மருத்துவர், திருச்சி