குரோஷா பழக என்ன வாங்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், கொக்கி முனை ஊசி ஒன்றால் நூலைக் கோத்துப் பின்னும் குரோஷா பின்னல் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒன்றை உடனே திருத்த வேண்டும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியை அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் பின்னச் சொல்லியிருக்கிறீர்கள். அக்ரிலிக் சூட்டில் இளகி உருகும். கையில் ஒட்டினால் புண்ணாகிவிடும். அடுப்படிக்குப் பின்னுவது எதுவானாலும் பருத்தி நூல்தான்.

அப்புறம், புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்க வேண்டியவை என்று நீங்கள் போட்டிருந்த அந்த நீளமான பட்டியல். அவ்வளவும் தேவையில்லை. நான் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள். இப்போதும் மாலையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். முதல் நாள் அவர்களை வாங்கிவரச் சொல்வது, 4 மி.மீ. அலுமினியக் கொக்கி ஊசி ஒன்று, நடுத்தரத் தடிமனில் நூல் ஓர் உருண்டை. கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கும். நூலின் நுனியைப் பின்னலுக்குள் மறைக்க, முனை மழுங்கிய, பெரிய காதுள்ள ஊசி வேண்டும். அவ்வளவுதான்.

பாட்டி பெட்டியில் இருக்கும் மெல்லிய ஸ்டீல் ஊசியில் தொடங்க வேண்டாம். அது லேஸ் நூலுக்கானது. ஆந்திராவின் நரசாப்பூர்ப் பெண்கள் அப்படிப்பட்ட மெல்லிய வேலையில் தேர்ந்தவர்கள். அவர்களுடைய குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கைப்பக்குவம் வர வருடக்கணக்காகும். கண்ணும் கையும் பழகாத பிள்ளைகள் அந்த ஊசியை எடுத்தால் ஒரே வாரத்தில் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

நூல் வெளிர் நிறத்தில், வழவழப்பாக இருக்கட்டும். கறுப்பு நூலிலும் பூனை ரோமம் போன்ற நூலிலும் எங்கே ஊசியைக் குத்துவது என்றே தெரியாது. உருண்டையைச் சுற்றியுள்ள லேபிளில் ஊசி அளவும், எந்தத் தடவை சாயம் போட்ட நூல் என்று காட்டும் லாட் நம்பரும் இருக்கும். பெரிதாக ஏதாவது பின்னப் போகிறவர்கள் ஒரே லாட்டில் வாங்குங்கள். லாட் மாறினால் ஒரே நிறமும் கொஞ்சம் வேறாகத் தெரியும்.

செய்முறை போடும்போது அது பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா என்றும் மேலேயே குறிப்பிடுங்கள். பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷே' எனப்படும் பின்னல் வகைதான் அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே'. இது தெரியாமல் பின்னினால் அளவே மாறிவிடும்.

பிடிதுணி பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இணைப்பு வரை தள்ளிவைக்காமல் நாளைய நாளிதழிலேயே வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை (ஓய்வு),
மதுரை.