கட்சிக்காரர்கள் சால்வையோடு வருவதற்கு முன்: ஹர்மன்பிரீத் அணிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹர்மன்பிரீத் கௌருக்கும் உலகக் கோப்பை வென்ற அணியினர் அனைவருக்கும்,

வணக்கம். நவி மும்பை இறுதிப் போட்டியில் நீங்கள் பின்னால் ஓடிப் பிடித்த கடைசி கேட்ச்சைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு. இன்றில்லாவிட்டால் நாளை, ஏதோவொரு கட்சி உங்களில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வரும். மக்களவையில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023இல் சட்டம் நிறைவேறிவிட்டது. ஊரறிந்த பெண் முகம் எங்கே கிடைக்கும் என்று கட்சிகள் தேடத்தானே செய்யும்? போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? போவதென்றால், இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனாக இருந்த ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட் போன வழியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் வென்ற உலகக் கோப்பையே அவர் முன்நின்று தொடங்கியதுதான். 1973இல், ஆண்களின் முதல் உலகக் கோப்பைக்கு இரண்டு வருடம் முன்பே, இங்கிலாந்தில் அது நடந்தது. பணம் ஜாக் ஹேவர்டு என்ற செல்வந்தர் கொடுத்த 40,000 பவுண்டு. எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவை 92 ரன்னில் வென்று கோப்பையை வாங்கிய கேப்டனும் ரேச்சல்தான். அவர் தலைமையேற்ற 12 டெஸ்ட்களில் ஒன்றில்கூட இங்கிலாந்து தோற்கவில்லை. 1976இல் ஓவல் மைதானத்தில் ஆட்டத்தைக் காப்பாற்ற எட்டரை மணி நேரத்துக்கும் மேல் நின்று 179 ரன் எடுத்தார். இத்தனைக்கும் பிறகு கேப்டன் பதவி பறிபோனது. 1978இல் இந்தியாவில் நடந்த உலகக் கோப்பைக்கு அணியிலேயே இடமில்லை. கிரிக்கெட்டுக்குள் நடக்கும் அரசியலை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், அவர் அரசியல் படித்த இடம் லார்ட்ஸ் மைதானம். அதன் உரிமையாளரான எம்சிசி, அப்போது பெண்களை உறுப்பினராக்காத கிளப். 1991இல் விண்ணப்பத்தில் ‘ஆர். ஃப்ளின்ட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆணா பெண்ணா என்று தெரியாமலே உள்ளே போய்விடலாமே! அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஆண்டு உறுப்பினர்கள் வாக்களித்துப் பெண்கள் வேண்டாம் என்றார்கள். 1998 பிப்ரவரியில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தது, ஆனால் தேவையான மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் எட்டியது. 1999இல் சேர்ந்த முதல் பத்துப் பெண்களில் அவர் ஒருவர். தோற்ற வாக்கெடுப்புக்குப் பிறகு மறுபடி ஆதரவு திரட்டுவதைவிட அரசியலுக்குப் பெரிய பயிற்சி உண்டா?

2011இல் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அமர்ந்தபோது அவருக்கு வயது 71. தேர்தலில் நின்று ஜெயிக்கவில்லை, நியமனம்தான். அது குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதவி வந்த பிறகு வேலை தேடியவர் இல்லை அவர்.

நம் நாட்டில் சச்சின் 2012இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், கடைசியில் பேச்சானது வருகைப் பதிவேடுதான்.

ஆகவே, சால்வையோடு வருகிறவரை உட்காரவைத்துச் சிலதைக் கேளுங்கள். நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தொடருக்கு எப்படி வருவேன்? விளையாட்டைக் கவனிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் இடம் வாங்கித் தருவீர்களா, பிரசாரத்துக்கு மட்டும்தான் கூப்பிடுவீர்களா? மாவட்ட மைதானங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று, உங்கள் கட்சி ஆளும் மாநிலத்தைப் பெயர் சொல்லிப் பேசினால் விட்டுவைப்பீர்களா? கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும், தெரிந்ததுதான். கேள்வி கேட்கவும் தனிநபர் மசோதா கொண்டுவரவும் சட்டம் தடுக்கவில்லை. கட்சி தடுக்குமா?

மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால், கேட்டுவிட்டே வரச் சொல்லுங்கள். அடுத்த தொடருக்கு வலைப்பயிற்சி இருக்குமே உங்களுக்கு.

அன்புடன்,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்